மாடித் தரையைச் சமப்படுத்திய பிறகே மரப்பலகை

மதுரை திருநகரிலுள்ள எங்கள் வீட்டின் மாடியறையில், வாசலருகே ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது தானாக உருண்டு அறையின் நடுவில் வந்து நிற்கும். 1984இல் போட்ட காங்கிரீட் தளம், அதன்மேல் மொசைக். நாற்பது ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தோடு பழகிவிட்ட எங்களுக்கு, அறையில் தேக்குப் பலகை பதிக்க முடிவு செய்தபோதுதான் அதன் அளவு உறைத்தது. மொசைக்கும் டைல்ஸும் அடியிலுள்ள கலவையோடு ஒட்டிக்கொள்வதால் சிறு மேடுபள்ளங்களைப் பொறுத்துக்கொள்ளும். மரப்பலகை நீளமானது, விறைப்பானது. பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்று, கால் வைக்கும்போதெல்லாம் அமிழ்ந்து எழும்பும். சில மாதங்களில் பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் நாக்கும் காடியும் தேய்ந்து கிரீச்சிடத் தொடங்கும்.

அதை நான் முன்பே ஒருமுறை கண்டிருந்தேன். வில்லாபுரத்தில் என் தங்கை வீட்டு மாடியில் இதே வேலை நடந்தபோது, "சிமெண்ட் பாலை ஊத்தி இழுத்து விட்டா தானா மட்டமாயிரும்ணே" என்று கொத்தனார் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். வழவழப்பான மொசைக்கின்மேல் ஊற்றிய அந்தப் பால் பிடிப்பில்லாமல் காய்ந்து, அடுத்த சித்திரைக்குள் அப்பளம்போல் நொறுங்கிப் பலகைக்கடியில் மாவாகிவிட்டது. பலகையைப் பெயர்த்துத்தான் அதை அள்ளினோம். பலகைக்குச் செலவிட்ட பணத்தைவிட, வீட்டைத் திரும்பக் காலி செய்த அலைச்சல் தங்கைக்குப் பெரிதாக இருந்தது. அந்த அனுபவத்தின் பிறகு என் வீட்டு அறையை நான் அணுகிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மட்டம் வேறு, சமம் வேறு. அறையின் ஒரு கோடி மறுகோடியைவிட 15 மி.மீ. தாழ்ந்து, ஆனால் நடுவில் மேடும் பள்ளமும் இல்லாமல் ஒரே சீராகச் சரிந்திருந்தால், அந்தத் தரை மட்டமில்லை. ஆயினும் அது சமமான தரை, மரப்பலகை அதில் நன்றாகவே உட்காரும். மரப்பலகைக்கு வேண்டியது சமம்தான். 2 மீட்டர் நீளமுள்ள நேரான பட்டையைத் தரையில் எந்தத் திசையில் வைத்தாலும் அதன் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக்கூடாது என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. இதைப் புரிந்துகொண்டாலே பாதிச் செலவு குறையும். ஏனெனில் முழு அறையையும் ரசமட்டத்துக்குக் கொண்டுவர முயல்கிறவர்கள்தான் தேவையில்லாமல் மூட்டை மூட்டையாகக் கலவையைக் கொட்டுகிறார்கள்.

தரைவீட்டில் அப்படிக் கொட்டினால் பணம்தான் வீண். மாடியில் கொட்டுவது ஆபத்து. சிமெண்ட் கலவை 1 செ.மீ. கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ளது. குடியிருப்பு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது, ஆட்களும் அறைகலன்களும் தரும் பாரத்துக்காகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவைத்தான் இந்தியத் தர நிர்ணய விதிகள் கணக்கில் கொள்கின்றன. 5 செ.மீ. கலவை போட்டால் அதில் பாதியை நீங்களே தின்றுவிட்டீர்கள் என்று பொருள். ஆகவே மாடித் தரையில் என் முறை இதுதான்: முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்து மேட்டைக் குறைக்க வேண்டும், கடைசியாகத்தான் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த லேசர் கருவி கட்டாயமில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில் புள்ளிகள் வைத்து, நூலில் நீலப்பொடி தடவித் தட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் கோடுகளுக்கிடையே நூலை இழுத்துக் கட்டி, இரண்டடிக்கு ஓரிடம் என்ற கணக்கில் நூலிலிருந்து தரை வரை அளந்து, அந்த அளவை அதே இடத்தில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். நூல் தொய்யாமல் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்தால் நடுவில் பள்ளம் குறைவாகக் காட்டும். எங்கள் அறையில் ஓரங்களில் 1000, 1001, 1002 என்று வந்தது; நடுவில் 1017. அறையின் கிழக்குப் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் 994. எண் கூடினால் பள்ளம், குறைந்தால் மேடு. தரை முழுவதும் எண்கள் நிறைந்தவுடன், அது ஊர்ப்படம்போல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: நடுவில் 17 மி.மீ. பள்ளம், கிழக்கே 6 மி.மீ. மேடு.

சிறு மேடுபள்ளங்கள் இந்த எண்களில் சிக்காது. அவற்றுக்கு இரவு நேரம் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு, 2 மீட்டர் அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்து, அதன் பின்னால் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். சந்து இருக்குமிடமெல்லாம் ஒளி கீற்றாகக் கசியும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய 3 மி.மீ. வரும், அந்த அடுக்கு பட்டைக்கடியில் தாராளமாக நுழைகிற இடங்களை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பட்டை நேரானதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: அதை ஒட்டித் தரையில் ஒரு கோடு கிழித்து, பட்டையைத் திருப்பி மறுபுறம் வைத்து மறுகோடு கிழித்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழவேண்டும்.

காரணத்தைத் தேடுவதற்குக் கீழ்வீட்டுக்குப் போக வேண்டும். மேலே பள்ளமுள்ள இடத்துக்கு நேர்கீழே, கூரையின் அடிப்புறத்தில் சுவருக்குச் சுவர் நூலைக் கட்டி, அங்கும் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். கூரையும் சேர்ந்து தொய்ந்திருந்தால் காங்கிரீட் தளமே வளைந்திருக்கிறது. கூரை நேராக இருந்தால் மேலே மொசைக் பதித்தவரின் கைவேலைதான் காரணம். எங்கள் வீட்டில் கூரையின் தொய்வு 9 மி.மீ.; எஞ்சிய 8 மி.மீ. மொசைக்கின் கணக்கில் சேர்ந்தது. தளம் சிறிது வளைவது இயல்பு. நீளத்தை 250ஆல் வகுத்து வரும் அளவுவரை வளைவை விதிகள் அனுமதிக்கின்றன. 12 அடி என்றால் அது 14, 15 மி.மீ. சில சமயம் காங்கிரீட் போட்ட அன்றே, ஈரமண்ணில் ஊன்றிய சவுக்கு முட்டுகள் அமிழ்ந்து, சென்ட்ரிங் பலகை தாழ்ந்து, வளைவு அப்படியே உறைந்துபோயிருக்கும். அது பழைய வளைவு, மேலும் வளராது. ஆனால் கூரையில் விரிசல், கம்பி ஓடும் திசையில் துருக்கறை, பெயர்ந்து விழும் பூச்சு, அண்மையில் கூடிய தொய்வு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மரப்பலகை எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். கீழ்வீட்டில் ஹாலைப் பெரிதாக்குவதற்காக யாராவது ஒரு சுவரை எடுத்திருந்தாலும் அப்படித்தான். எங்கள் அறையின் 994 என்ற மேடு, கீழ்வீட்டுச் சுவருக்குச் சரியாக நேர்மேலே நீளவாக்கில் ஓடியது. சுவர் தாங்கும் இடம் நின்றுவிட, இருபுறமும் தளம் தாழ்ந்திருக்கிறது. மாடிகளில் காணும் மேடுகளில் பல இவ்வகையானவை.

மதுரைப் பக்கம் இன்னொரு வகையும் மிகுதி: மொட்டை மாடியாக இருந்ததைச் சுவர் எழுப்பி அறையாக்கிய வீடுகள். அங்கே தரை ஒருபுறம் சரிவது மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வேண்டுமென்றே வைத்த வாட்டம். காங்கிரீட்டின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருப்பார்கள். 80க்கு 1 என்ற வாட்டமானால் 16 அடியில் 60 மி.மீ. வித்தியாசம் வரும். வாட்டம் சீராக இருந்தால் மேலே சொன்னபடி பலகை அதில் உட்காரும். ஆனால் கட்டிலும் பீரோவும் சாய்ந்து நிற்கும் என்பதால் பலரும் மட்டப்படுத்தவே விரும்புவார்கள். அப்போது தாழ்ந்த பக்கத்தை நிரப்பாதீர்கள். அந்தச் சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் பெயர்த்து எடுத்துவிட்டு, காங்கிரீட்டின்மேல் மெல்லிய கலவையில் மட்டம் போடுங்கள். தளத்தின் மீதிருந்த பாரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடும். மொசைக் தரையிலும் பள்ளம் 30 மி.மீ.க்கு மேல் போனால் இதே வழிதான் சிறந்தது. மொசைக்கும் அடிக்கலவையும் சேர்ந்து ஐந்து செ.மீ. கனம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ இறங்கும். உடைக்கும்போது கனத்த பிரேக்கரைத் தவிர்த்து உளியும் சிறு சுத்தியலும் கொண்டு உடைக்கச் சொல்லுங்கள். அதிர்வில் கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு விழும். உடைந்த கழிவை அறையின் நடுவில் குவித்து வைக்கக்கூடாது. அன்றன்றே சாக்கில் கட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும்.

எங்கள் அறைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. மொசைக்கை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனபோது இரண்டு கற்கள் மட்டும் பொள்ளலாக ஒலித்தன. அவற்றைப் பெயர்த்துப் புதுக் கலவையில் பதித்தோம். பொள்ளலான கல்லின்மேல் எதை ஊற்றினாலும் அதுவும் சேர்ந்து ஆடும். பிறகு மேட்டைக் குறைக்க, மொசைக் பாலிஷ் போடுகிறவரையே அழைத்தேன். இந்த யோசனையை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். அவருடைய இயந்திரம், தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் வீட்டில் தூசி பறக்காது. இருப்பதிலேயே முரட்டுக் கல்லைப் பூட்டச் சொன்னால் மேட்டை மெதுவாகச் சீவிவிடும். தரை அழகாக இருக்க வேண்டியதில்லை, மூடத்தானே போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பழக்கத்தில் பளபளப்பாக்கிவிடுவார். கை கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் பூட்டியும் செய்யலாம், வேகமாகவும் நடக்கும். ஆனால் அதில் எழும் நுண்ணிய கல்தூசி நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. என்95 முகக்கவசமும், கிரைண்டரோடு சேர்த்த தூசி உறிஞ்சியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

6 மி.மீ. மேட்டைச் சீவியதன் பயனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் பரப்பு 192 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 17.8 சதுர மீட்டர். மேட்டை அப்படியே விட்டிருந்தால் அறை முழுவதையும் கூடுதலாக 6 மி.மீ. உயர்த்த வேண்டியிருந்திருக்கும், அது 200 கிலோவுக்கு மேலான பாரம், ஊற்றினால் தானாகப் பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவையில் ஏழு மூட்டை. சீவிய பிறகு மிஞ்சியது சராசரியாக 7 மி.மீ. ஆழமுள்ள கிண்ணம்போன்ற பள்ளம். அதை நிரப்பிய கலவை, பலகைக்கு அடியில் போட்ட 12 மி.மீ. ப்ளைவுட், 18 மி.மீ. தேக்குப் பலகை மூன்றும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 35 கிலோ அளவில்தான் நின்றது.

எதைக்கொண்டு நிரப்புவது என்பது ஆழத்தைப் பொறுத்தது. சாதாரண சிமெண்ட்டும் எம்-சாண்டும் 1க்கு 3 அல்லது 4 என்று கலந்த கலவை, பழைய தரையோடு பிடித்து நிற்க வேண்டுமானால் குறைந்தது 25 மி.மீ. கனம் வேண்டும். அதற்கு மெல்லியதாக இழுத்தால் ஈரம் விரைவில் போய்ப் பொடிந்துவிடும். வில்லாபுரத்தில் நடந்தது அதுதான். 5 முதல் 20 மி.மீ. வரையுள்ள பள்ளத்துக்கு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற செயற்கை ரப்பர் பால் கலந்த சிமெண்ட் கலவை ஏற்றது. கடைசி 3 முதல் 10 மி.மீ. வரைக்குச் செல்ஃப் லெவலிங் கலவை. நான் நடுப்பள்ளத்தின் ஆழமான பகுதியை லேடெக்ஸ் கலவையால் நிரப்பி, அது இறுகிய பிறகு அறை முழுவதும் செல்ஃப் லெவலிங் ஊற்றினேன். ஜிப்சம் அடிப்படையில் வரும் வகையைத் தவிர்த்து, சிமெண்ட் அடிப்படையிலானதை வாங்குங்கள்.

கலவை பிடிப்பதும் பிடிக்காததும் ஊற்றுவதற்கு முந்தைய வேலையில்தான் இருக்கிறது. மொசைக்கானாலும் சிவப்பு ஆக்சைடு தரையானாலும் அதன் வழவழப்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும்: கிரைண்டரால் சுரண்டலாம், அல்லது உளியால் நெருக்கமாகப் பொளிந்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் போட்ட மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும்வரை கழுவிக் காயவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். தரை அதை உறிஞ்சினால் சரி, முத்துப்போல் உருண்டு நின்றால் இன்னும் மெழுகு போகவில்லை. அதன்பின் கலவையோடு சேர்த்துக் கொடுக்கும் பிரைமரைப் பூச வேண்டும். இதைச் செலவு என்று கருதி விட்டுவிடாதீர்கள்.

மாடிக்கே உரிய இன்னொரு முன்வேலை, ஓட்டைகளை அடைப்பது. செல்ஃப் லெவலிங் கலவை மோர்போல் ஓடும். சுவரோரச் சந்து, குழாய் இறங்கும் துளை, பழைய மின்குழாயின் வாய் எதுவும் அதற்குப் போதும். எங்கள் அறையில் குளியலறைச் சுவரை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்ததை, கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் சாம்பல்நிறத்தில் சொட்டத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். எல்லாச் சந்துகளையும் முந்தைய நாளே விரைவாக இறுகும் கலவையால் அடைத்து, சுவர் ஓரமெல்லாம் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டி, வாசலில் ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) நிறுத்தி அணைகட்டிவிடுங்கள்.

ஊற்றும் நாளில் வெயில்தான் எதிரி. மதுரையில் பங்குனி, சித்திரை மதியங்களில் இந்தக் கலவை வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடும். விடியற்காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்திவையுங்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் தண்ணீர் அளவை, கோடு போட்ட வாளியால் அளந்தே விட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் நன்றாக ஓடுமே என்று தோன்றும். அப்படிக் கூடுதலாக விட்ட தண்ணீர் மேலே மிதந்து, சுண்ணாம்புபோல் வெளுத்த பலவீனமான ஏடாகப் படியும். ஒருவர் கலக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் ஊற்றிப் பரப்ப என்று மூன்று பேர் வேண்டும். ஒரு வாளி இறுகத் தொடங்குவதற்குள் அடுத்த வாளி அதன் ஓரத்தைத் தொட்டாக வேண்டும். தொலைவிலுள்ள மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கியபடி ஊற்றி, முள் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

காங்கிரீட் வருவதற்கு முந்தைய மச்சு வீடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் முடித்த மெட்ராஸ் டெரஸ் தளங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் மேடுபள்ளம், உத்தரம் வளைந்ததால் வந்தது. அதன்மேல் சிமெண்ட் கலவை போடவே கூடாது: பாரம் கூடும், வளைந்து கொடுக்கும் சுண்ணாம்புத் தளத்தின்மேல் விறைப்பான சிமெண்ட் வெடிக்கும், சுண்ணாம்பு மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் மரத்தில் தங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையுமிடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்; திருப்புளி எளிதில் உள்ளே இறங்கினால் இற்றுப்போயிருக்கிறது, அல்லது கரையான் தின்றிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். உத்தரம் உறுதியாக இருந்தால், கரையான் மருந்து பூசிய ரீப்பர்களை உத்தரங்களுக்குக் குறுக்கே ஓரடி இடைவெளியில் வைத்து, பள்ளமான இடங்களில் அடியில் ஆப்பு கொடுத்து ஒரே சமமாக உயர்த்தி, அதன்மேல் 18 மி.மீ. ப்ளைவுட் அடிப்பதே தகுந்த முறை. ஆப்புகளைப் பசையும் திருகும் கொண்டு நிலைப்படுத்த வேண்டும். சும்மா செருகினால் நடக்க நடக்க நழுவிவிடும்.

நிரப்பும் முன்பே ஒன்றைச் சரிபார்த்திருக்க வேண்டும்: முடிந்த தரையின் உயரம். கலவை, ப்ளைவுட், பலகை மூன்றும் சேர்ந்து தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தால், கதவின் அடியைச் சீவ வேண்டும். குளியலறை வாசற்படி தாழ்ந்துவிடும். மாடிப்படி நேராக அந்த அறையில் முடிந்தால் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாகி, இருட்டில் ஏறுகிறவரின் கால் தடுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

கலவை காய்வதற்குப் பொறுமை வேண்டும். சிமெண்ட் கலவையை ஒரு வாரம் நனைத்து வைத்த பிறகு, 1 மி.மீ.க்கு ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு, 40 மி.மீ. போட்டால் நாற்பது நாள். செல்ஃப் லெவலிங் விரைவில் காயும், ஆனால் அடியில் பாலிஷ் போட்டபோது இறங்கிய தண்ணீரும் வெளியேற வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுவதும், குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்குவதைவிட, தை பிறந்த பிறகு தொடங்குவது எல்லா வகையிலும் எளிது.

ப்ளைவுட்டைத் திருகும்போது, தளத்துக்குள் மின்குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்பதை அறிந்துகொண்டே துளையிடுங்கள். தாள்களுக்கிடையே 3 மி.மீ., சுவரோரம் அரை அங்குலம் சந்து விடுங்கள். பலகைக் கட்டுகளை அந்த அறையிலேயே அடுக்கிச் சில நாட்கள் வைத்திருந்து, ஈரமானியால் ப்ளைவுட்டையும் பலகையையும் அளந்து பாருங்கள். மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள பலகையானால் இரண்டின் ஈரமும் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபடக்கூடாது. ஆசாரி வரும் நாளன்று, பலகைக் கட்டைப் பிரிக்கும் முன், அந்த 2 மீட்டர் பட்டையை அவர் கையில் கொடுத்து அறை முழுவதும் அவரையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாக்பீஸால் வட்டமிடும் இடங்களை அன்றே சரிசெய்துவிட்டு, மறுநாள் முதல் பலகையைப் பதிக்கட்டும்.